மூக்கைப் பொத்திக்கொண்டு ஒயின் குடித்தவர்

உதவியாளன் சுருட்டை போட்ட காப்பியை ஒருவர் முழுசாகக் குடித்து முடித்ததை அந்த அலுவலகம் அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தது.

சுருட்டை என்ற பெயர்தான் மிச்சம். தலையில் சுருள்வதற்கு இப்போது ஒன்றும் இல்லை. முடி போய்விட்டது, பெயர் போக மறுத்து உட்கார்ந்துவிட்டது. அந்தத் துப்பறியும் அலுவலகத்தில் உதவியாளன், கணக்குப்பிள்ளை, காப்பி மாஸ்டர் எல்லாம் அவன்தான். அன்றைக்குப் போனில் யாருடனோ வம்பளந்துகொண்டே பாலை அடுப்பில் மறந்துவிட்டான். பால் அடிப்பிடித்துப் போய், மாடிப்படி வரைக்கும் கருகல் நெடி. அந்த அலுவலகத்தை நடத்தும் இன்ஸ்பெக்டரம்மா ஒரு வாய் வைத்தார். கோப்பையை மேஜை ஓரத்துக்குத் தள்ளிவிட்டு அவனை ஒரு பார்வை பார்த்தார். போலீஸ் வேலையை ராஜினாமா செய்தபோது தொப்பி, லத்தி எல்லாவற்றையும் ஒப்படைத்தவர், அந்தப் பார்வையை மட்டும் கையோடு கொண்டுவந்துவிட்டார்.

எதிரே உட்கார்ந்திருந்த பேக்கரிக்காரம்மாவோ கடைசிச் சொட்டு வரை குடித்துவிட்டு, "நல்லா இருந்தது தம்பி" என்றார்.

மரியாதை தெரிந்த மனுஷி என்று சுருட்டை மனசுக்குள் கும்பிட்டுக்கொண்டான்.

ஐம்பதை ஒட்டிய வயது. முழங்கை வரைக்கும் சூடு பட்ட தழும்புகள். நகரத்தின் பெரிய பேக்கரி ஒன்றில் மாவு பிசைவதிலிருந்து அடுப்பு வரை எல்லாம் அவர் பொறுப்பு. கணவர் லிஃப்ட் மெக்கானிக். போய்ச் சேர்ந்து இரண்டு மாதம் ஆகிறது.

"வேன் மோதிடுச்சு" என்றார். "வியாழக்கிழமை ஆனா ஆஸ்பத்திரி லிஃப்டுக்கு சர்வீஸ் இருக்குன்னு சொல்லிட்டுப் போவாரு. நானும் டிபன் கட்டிக் குடுத்து அனுப்புவேன். அவர் செத்தப்புறம்தான் தெரியுது, அந்த ஆஸ்பத்திரியில வியாழக்கிழமை எந்த சர்வீஸும் இல்லியாம். அவர் விழுந்து கிடந்தது ஊரோட இன்னொரு கோடியில."

"அங்க சொந்தக்காரங்க யாராவது?"

"ஒரு ஈ காக்கா கிடையாது. ரோட்ல நின்னவங்க எல்லாம் ஒரே சாராய நெடின்னு சொன்னாங்களாம். போலீஸ்காரரு, குடிச்சிட்டு ரோட்டைக் கடந்திருக்காருன்னு என் மூஞ்சிக்கு நேராவே சொன்னாரு. என் வீட்டுக்காரர் குடிக்க மாட்டாருங்க."

பைக்குள்ளிருந்து ஒரு துண்டை எடுத்து மேஜைமேல் பிரித்தார். நீளக் கால் வைத்த ஒயின் கிளாஸ்கள் இரண்டு. அடியில் திராட்சைக் குலைப் படம் போட்ட கடைச் சீட்டு ஒட்டியிருந்தது.

"இது அவரோட டூல் பையில இருந்துச்சு. அவரு போயிட்டாரு. இது ரெண்டும் ஒரு கீறல்கூட இல்லாம வந்து சேர்ந்திருக்கு."

அதற்குப் பிறகு இன்னொன்றை வைத்தார். நீச்சல் குளத்தில் மூக்கில் மாட்டிக்கொள்வார்களே, அந்தச் சின்ன ரப்பர் கிளிப்.

"நீச்சல் கத்துக்கிட்டாரோ?" என்றான் சுருட்டை.

"வாளித் தண்ணியக் கண்டாலே ரெண்டடி தள்ளி நிக்கற மனுஷன் தம்பி அவரு."

இன்ஸ்பெக்டரம்மா கிளிப்பைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்தார். "ரெண்டு கிளாஸ். ஒண்ணு அவருக்கு. இன்னொண்ணு யாருக்குன்னு கேக்க வந்திருக்கீங்க."

"ஆமாங்க." அந்த அம்மாவின் குரல் இறங்கியது. "அவரை வழியனுப்பின அன்னிக்கு ஒரு பொம்பள வந்திருந்தா. உள்ள வரல. வாசல் கேட் பக்கத்துலயே நின்னு, அப்படி ஒரு அழுகை. யாரும்மா நீன்னு கேக்கறதுக்குள்ள போயிட்டா. கட்டின பெண்டாட்டி, நான்கூட அப்படி அழலீங்க. அவரோட சட்டையெல்லாம் இன்னும் கொடியிலயே தொங்குது. துவைச்சு மடிச்சு வெக்கறதா, தூக்கி எறியறதா, அதத் தெரிஞ்சுக்கணும் எனக்கு. வேற ஒண்ணும் வேணாம்."

சுருட்டையிடம் எப்போதும் நாக்கு நுனியில் ஒரு நக்கல் தயாராக இருக்கும். அன்றைக்கு அதை விழுங்கிவிட்டான்.

"ஒரே ஒரு கேள்வி" என்றார் இன்ஸ்பெக்டரம்மா. "வியாழக்கிழமை வீட்டுக்கு வந்தா, அவர்மேல ஒயின் வாடை ஏதாவது?"

"இல்லீங்க. ஒரு நாளும் இல்ல." பதில் வெடுக்கென்று வந்தது. அந்த அம்மா தன் கைத்தழும்புகளைப் பார்த்துக்கொண்டார்.

*

திராட்சைக் குலைச் சீட்டில் பெயர் இருந்த கடை, விபத்து நடந்த சாலைக்குப் பின் சந்தில் இருந்தது. கண்ணாடிக் கதவில், 'புதிதாகப் பழகுபவர்களுக்கு ஒயின் ருசி வகுப்பு, வியாழன் மாலை' என்று எழுதித் தொங்கவிட்டிருந்தார்கள்.

"குடிக்கறதுக்கு வகுப்பா?" சுருட்டைக்குத் தாங்கவில்லை. "எங்க மாமா ஒரு வகுப்பும் போகாமலே இதுல டாக்டர் பட்டம் வாங்கினவரு மேடம்."

"உள்ள போய் வாயை மூடிட்டு உக்காரு."

"வாயை மூடிட்டு எப்படி ருசி பாக்கறதாம்?"

கடைக்குப் பின்னால் ஒரு நீள அறை. நீள மேஜை, வெள்ளை விரிப்பு, ஏழெட்டு நாற்காலிகள், ஆளுக்கு ஒரு தகர வாளி. ஜன்னலோரத்து நாற்காலி மட்டும் காலி. ஆள் இல்லாத அந்த இடத்துக்கும் முன்னால் ஒரு கிளாஸ் துடைத்து வைத்திருந்தது. சுருட்டை அதில் உட்காரப் போனான். "அது வேண்டாம், இங்க வாங்க" என்று ஒரு பெண் குரல் தடுத்தது.

கடை அவருடையதுதான். வகுப்பில் எல்லாரும் டீச்சர் என்றார்கள். நாற்பது வயது இருக்கும். களைத்த கண்கள். அந்த நாற்காலியைப் பார்க்கும்போது மட்டும் அவை ஒரு விநாடி கூடுதலாகத் தங்கின. கேட் பக்கத்தில் நின்று அழுதவள் இவள்தான் என்று சுருட்டைக்கே புரிந்துவிட்டது என்றால் இன்ஸ்பெக்டரம்மாவுக்கு எப்போதோ புரிந்திருக்கும்.

"கிளாஸைக் காலைப் பிடிச்சுத் தூக்கணும்" என்று ஆரம்பித்தார் டீச்சர். "வயித்தப் பிடிச்சா கைச்சூடு ஏறி ஒயின் கெட்டுப் போகும். முதல்ல கண்ணு. வெள்ளை விரிப்புக்கு மேல சாய்ச்சு நிறத்தைப் பாருங்க. அப்புறம் லேசாச் சுழட்டுங்க. அப்புறம் மூக்கு. அவசரமே வேண்டாம், மூக்கு முழுசா உள்ள போகட்டும். நாக்கோட முறை கடைசியிலதான். ஒரு வாய் வெச்சு, மெல்லற மாதிரி உருட்டிட்டு, வாளியில துப்பிடணும்."

"துப்பணுமா?" சுருட்டை பதறிப்போனான்.

"முழுங்கினா மூணாவது ஒயினுக்கு அப்புறம் எல்லாமே நல்லாத்தான் இருக்கும். இங்க நல்லா இருக்குன்னு சொல்லவே கூடாது. அது பதிலே இல்ல. இந்த வாசனையை இதுக்கு முன்னாடி எங்க பாத்தீங்க, அதச் சொல்லுங்க. உங்க வீட்டுல, உங்க வேலையில, உங்க ஞாபகத்துல இருக்கறதச் சொன்னாப் போதும்."

பக்கத்திலிருந்த பல் டாக்டர் கண்ணை மூடி மோந்துவிட்டு, "புது ரப்பர் கையுறை" என்றார். டீச்சர் தலையாட்டினார். எல்லாரும் மெச்சிக்கொண்டார்கள். இன்ஸ்பெக்டரம்மா வெகு நேரம் மோந்துவிட்டு, "பழைய ஸ்டேஷன் அலமாரி" என்றார். அதற்கும் தலையாட்டல்.

சுருட்டை முறை வந்தது. அவனுக்கென்று புதிதாக ஒரு பாட்டிலைத் திறந்து ஊற்றினார்கள். மூக்கை விட்டான். முகம் கோணியது. "கோச்சுக்காதீங்க டீச்சர். மழையில நனைஞ்ச நாய் வந்து என் மடியில ஏறி உக்காந்த மாதிரி இருக்கு."

அறை கொல்லென்று சிரித்தது. டீச்சர் சிரிக்கவில்லை. கிளாஸை வாங்கி மோந்து பார்த்தார். "சபாஷ். கார்க் கெட்டுப்போன பாட்டில் இது. இந்த நனைஞ்ச நாய் வாடைதான் அதுக்கு அடையாளம். முதல் நாளே கண்டுபிடிச்சிட்டீங்க."

சுருட்டை அதற்கப்புறம் வகுப்பு முடியும் வரை காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டுதான் இருந்தான். வாளியில் துப்புவதையும் பாதியில் மறந்துவிட்டான்.

முடிந்ததும் ஒவ்வொருவராகக் கிளம்பினார்கள். வாசல் பக்கம் ஒரு தட்டில் புதினா மிட்டாய். பல் டாக்டர் மூன்றை அள்ளி ஒரேயடியாக வாயில் போட்டுக்கொண்டார். "வீட்டுக்காரிக்கு மோப்பம் கிடைச்சா என் பல்லை அவ பிடுங்கிடுவா" என்று சுருட்டையிடம் கண்ணடித்துவிட்டுப் போனார்.

அறை காலியானது. இன்ஸ்பெக்டரம்மா கைப்பையைத் திறந்து, ஜன்னலோரத்துக் கிளாஸுக்குப் பக்கத்தில் அந்த ரப்பர் கிளிப்பை வைத்தார்.

டீச்சர் அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

"அவங்க அனுப்பினாங்களா? அவரோட வீட்டம்மா?"

"ஆமா. நீங்க யாருன்னு தெரியணும்னு கேட்டாங்க."

"கடவுளே, அவங்க அப்படியா நினைச்சிட்டிருக்காங்க!" டீச்சர் வாயைப் பொத்திக்கொண்டார். "என் வகுப்புல அவர் ஒரு மாணவர். அவ்வளவுதாங்க. ஆனா அவர் மாதிரி ஒருத்தர் எனக்கு வந்ததே இல்ல. எல்லா ஒயினையும் ரெண்டு தடவை ருசி பாப்பாரு. முதல்ல எல்லாரையும் போல. அப்புறம் இந்தக் கிளிப்பை மூக்குல மாட்டிட்டு, கண்ணை மூடிட்டு. மத்தவங்க சிரிப்பாங்க. வாசனை பிடிக்கக் கத்துக் குடுக்கற இடத்துல மூக்கை அடைச்சிட்டு உக்காந்திருந்தா சிரிக்க மாட்டாங்களா?"

"கேக்கலையா நீங்க?"

"கேட்டேன். 'மூக்கே இல்லாதவங்களுக்குன்னு ஒரு ஒயின் இருக்கா டீச்சர்?'னு திருப்பிக் கேட்டாரு. வாசனை போயிட்டா நாக்குக்கு என்ன மிஞ்சும்னு கேட்டாரு. இனிப்பு, புளிப்பு, கசப்பு, அப்புறம் வாயைப் பிடிக்கற துவர்ப்பு, சில்லிப்பு, குமிழி குத்தறது, இவ்வளவுதான் மிஞ்சும்னு சொன்னேன். பாவம், அவருக்கு ஏதோ நோவு, மூக்கு போயிட்டிருக்கு, அதுக்கு முன்னாடியே பழகிக்கறாருன்னு நானா நினைச்சுக்கிட்டேன்."

"வாசனை சொல்றதுல ஆள் எப்படி?"

"வகுப்புலயே அவர்தான் முதல்" என்று சொல்லும்போது டீச்சருக்கே ஏதோ இடித்தது. "ஒரு நாள் ஒரு வெள்ளை ஒயினை மோந்துட்டு, 'என் பெண்டாட்டி வேலை முடிஞ்சு வந்து தலைத்துணியை அவுப்பா, அப்ப வர்ற வாசனை'ன்னாரு. அந்த ஒயின்ல ரொட்டி வாசனை இருக்குன்னு கண்டுபிடிக்க எனக்கே வருஷக்கணக்கா ஆச்சு."

"அப்ப மூக்கு அவருக்குப் போகல" என்றார் இன்ஸ்பெக்டரம்மா மெதுவாக. "வீட்டுக்குத் தெரியாமத்தானே வந்தாரு? கிளம்பும்போது இந்த மிட்டாய் எடுப்பாரா?"

டீச்சர் தட்டைப் பார்த்தார். "எடுத்ததே இல்ல. எல்லாரும் அள்ளிட்டுப் போவாங்க. அவர் மட்டும், 'எனக்கு அந்தக் கவலையே இல்ல டீச்சர்'னு சிரிப்பாரு. அந்தச் சிரிப்பு சந்தோஷச் சிரிப்பா இருக்காது."

இன்ஸ்பெக்டரம்மா சட்டென்று சுருட்டை பக்கம் திரும்பினார். அந்தப் பார்வைக்கு அவனுக்கு அர்த்தம் தெரியும். ஏதோ பிடிபட்டுவிட்டது. ஆனால் வழக்கமாகப் பிடிபட்டால் வரும் பிரகாசம் முகத்தில் இல்லை.

"கடைசி நாள் என்ன நடந்துச்சு?"

டீச்சர் எழுந்துபோய் ஒரு பாட்டிலைக் கொண்டுவந்தார். கறுஞ்சிவப்பு, உள்ளே குமிழிகள். "இது கொஞ்சம் இனிப்பு, கொஞ்சம் துவர்ப்பு, நல்லாக் குமிழி விடும். பெரிய மனுஷங்க இதை மதிக்க மாட்டாங்க, சோடான்னு சொல்லுவாங்க. அன்னிக்கு இதைத் திறந்தேன். அவர் கிளிப்பை மாட்டிட்டு ஒரு வாய் வெச்சாரு. அப்படியே எழுந்து நின்னுட்டாரு. 'கிடைச்சிடுச்சு டீச்சர், கிடைச்சிடுச்சு'ன்னு குழந்தை மாதிரி. ஒரு பாட்டில் குடுங்கன்னாரு. ரெண்டு கிளாஸும் கேட்டாரு. துண்டுல சுத்திக் குடுத்தேன். எப்பவும் ரெண்டு பக்கமும் பாத்துப் பாத்து ரோட்டைத் தாண்டற மனுஷன், அன்னிக்கு ஓடினாரு."

டீச்சர் பாட்டிலை மேஜைமேல் வைத்தார்.

"சத்தம் கேட்டு ஓடினேன். பாட்டில் உடைஞ்சு சட்டையெல்லாம் நனைஞ்சிருந்துச்சு. குடிகாரன்னு சுத்தி நின்னவங்க சொல்றாங்க. நான் வகுப்புல பாத்தவரைக்கும் ஒரு சொட்டு முழுங்கினதில்ல அவரு. எல்லாம் வாளியிலதான். போலீஸ்கிட்ட சொன்னேன், எழுதிக்கவே இல்ல. அவங்க வீட்டம்மாகிட்ட சொல்லணும்னுதான் அன்னிக்கு வந்தேன். கேட்டைத் தாண்டறதுக்குக் கால் வரல. அந்தப் பாட்டிலை என் கையாலதானேங்க குடுத்தேன்."

*

பஸ் ஸ்டாப்பில் இன்ஸ்பெக்டரம்மா, டீச்சர் கொடுத்தனுப்பிய பாட்டிலை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். இரண்டு பஸ்கள் வந்து போய்விட்டன.

"இப்பவாவது சொல்லுங்க மேடம். என் மண்டையில முடிதான் இல்ல, உள்ள கொஞ்சம் சரக்கு இருக்கு."

"வீட்டுக்குத் தெரியாம ஒயின் வகுப்புக்குப் போறவன் வாயைக் கழுவாம வீட்டுக்குப் போவானா?"

"பல் டாக்டரே மூணு மிட்டாய் போடறாரு."

"இவருக்கு அந்தக் கவலை இல்ல. ஏன்? வீட்டுல மோந்து பாத்துக் கண்டுபிடிக்க ஆள் இல்ல. நீ கருக்கி வெச்ச காப்பியை அந்தம்மா நல்லா இருக்குன்னு குடிச்சாங்களே, ஞாபகம் இருக்கா?"

"மரியாதைக்குக் குடிச்சாங்கன்னு..." என்று ஆரம்பித்த சுருட்டையின் வாய் திறந்தபடியே நின்றது. "அந்தம்மாவுக்கு மூக்கு இல்லியா!"

"வாசனையே தெரியாது. அதை அவங்க ஒருத்தர்கிட்டயும் சொல்லல. புருஷன்கிட்டயும் சொல்லல. அவர் தானாக் கண்டுபிடிச்சிருக்காரு. கண்டுபிடிச்சதை அவரும் சொல்லல. அவ மறைக்கறா, நாம கேட்டு உடைச்சுடக் கூடாதுன்னு நினைச்சிருப்பாரு. வாசனையே இல்லாட்டியும் வாயில உசிரோட இருக்கற ஒரு ருசியைத் தேடிப் பிடிச்சு, முன்னால வெச்சா, அவளே சொல்லிடுவான்னு ஒரு ஆசை."

சுருட்டை துள்ளி எழுந்தான். "அப்ப மனுஷன் சொக்கத் தங்கம்! கேஸ் முடிஞ்சது மேடம். ரெண்டாவது கிளாஸ் பெண்டாட்டிக்குத்தான். போய்ச் சொல்லுவோம், அந்தம்மா நிம்மதியாத் தூங்கட்டும்."

"உக்காரு." குரலில் இரும்பு இருந்தது. "அவர் எதுக்கு அங்க போனாருன்னு அடுத்த கேள்வி வரும். என்ன சொல்லுவே? உனக்காகப் போனாரு, நீ மறைச்சதாலே போனாருன்னு சொல்லுவியா? ஒரு வார்த்தை நீ வாயைத் திறந்திருந்தா அந்த ரோட்லயே அவர் கால் வெச்சிருக்க மாட்டாருன்னு சொல்லுவியா?"

சுருட்டை உட்கார்ந்தான். இதுவரை எத்தனையோ பேரிடம் உங்கள் புருஷன் யோக்கியன் இல்லை என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறான். அழுவார்கள், திட்டுவார்கள், பில் கட்டுவார்கள். யோக்கியன் என்று சொல்லப் போவதற்கு இவ்வளவு பயப்பட்டது இதுதான் முதல் தடவை.

"பாதி சொல்லுவோமே மேடம்" என்றான். "ஒயின் கடையில லிஃப்ட் ரிப்பேர், கூலிக்குப் பதிலா ரெண்டு கிளாஸ் குடுத்தாங்கன்னு."

"அந்தக் கட்டடத்துக்கு மாடியே கிடையாது."

"கீழ்நோக்கிப் போற லிஃப்டா இருக்கட்டும்."

இன்ஸ்பெக்டரம்மா சிரித்துவிட்டார். சிரிப்பு பாதியிலேயே நின்றுபோய்க் கண்ணைத் துடைத்துக்கொண்டார். சுருட்டை வேறு பக்கம் பார்த்தான்.

*

மறுநாள் மத்தியானம் பேக்கரியின் சமையல்கட்டில் வேலையாட்கள் சாப்பிடப் போயிருந்தார்கள். பேக்கரிக்காரம்மா தனியாக மாவு வெட்டிக்கொண்டிருந்தார். அடுப்புக்கு மேலே, அலமாரியில், தண்ணீர்க் குழாய்க்குப் பக்கத்தில், எங்கு பார்த்தாலும் அலாரம் கடிகாரங்கள். தட்டுகளை அடுப்பில் தள்ளி, ஒரு கடிகாரத்தைத் திருக எடுத்தவர், வாசலில் இவர்களைப் பார்த்ததும் அதைத் திருகாமலே வைத்துவிட்டார்.

"தெரிஞ்சுடுச்சா?" என்றார். உதடு வெளுத்திருந்தது.

"ரெண்டாவது கிளாஸ் உங்களுக்கும்மா" என்றார் இன்ஸ்பெக்டரம்மா. "வேற யாரும் இல்ல. எந்தக் காலத்துலயும் இல்ல. அந்தப் பொண்ணு அவருக்கு டீச்சர்."

அந்த அம்மா மேஜையைப் பிடித்துக்கொண்டார். மூச்சு விட்டார். பல நாளாக உள்ளே கட்டிக் கிடந்த மூச்சு அது. பிறகு கேட்டார், பயந்த கேள்வியையே கேட்டார்: "அப்ப எதுக்குங்க அங்க போனாரு?"

சுருட்டை லிஃப்ட் கதையைச் சொல்ல வாயெடுத்தான். இன்ஸ்பெக்டரம்மா முந்திக்கொண்டார்.

"உங்களுக்கு வாசனை தெரியாதுன்னு அவருக்குத் தெரியும்மா."

அந்த அம்மா மாவுக் கையை முந்தானையில் துடைத்தார்.

"யாரு சொன்னா? அதெல்லாம் இல்ல. எனக்கு..." என்று தொடங்கிய பேக்கரிக்காரம்மா, சுற்றியிருந்த கடிகாரங்களை ஒருமுறை பார்த்தார். மாவு மூட்டைமேல் உட்கார்ந்துவிட்டார். "போன வருஷம் ஒரு ஜுரம் வந்துச்சு. ஜுரம் போச்சு, கூடவே இதுவும் போச்சு. நாளைக்கு வந்துடும், நாளைக்கு வந்துடும்னே இந்தக் கடிகாரங்களை வெச்சு ஓட்டிட்டிருந்தேன். என் மூக்கை நம்பித்தான் இந்த அடுப்பே எரியுதுன்னு முதலாளி பெருமையாச் சொல்லுவாரு. எப்படிங்க வெளியில சொல்றது?"

"வீட்டுல?"

"அவருகிட்டயா? எங்கிட்ட அடிக்கற மாவு வாசனைன்னா அவருக்குப் பைத்தியம். எனக்கு அது தெரியலேன்னு சொன்னா என்னைவிட அவர்தான் உடைஞ்சு போவாரு." சொல்லிக்கொண்டே போனவர் நின்றார். கண்கள் விரிந்தன. "அடுப்பு! வீட்டுல சில நாள் எதையாவது ஏத்தி வெச்சிட்டு மறந்துபோய், ஓடிப்போய்ப் பாத்தா அணைஞ்சிருக்கும். நாமதான் அணைச்சோம் போலன்னு நினைச்சுக்குவேன். அவரா?"

"அவர்தான்."

இன்ஸ்பெக்டரம்மா எல்லாவற்றையும் சொன்னார். கிளிப், வாளி, எடுக்காத மிட்டாய், தலைத்துணி வாசனை, கிடைச்சிடுச்சு என்று எழுந்து நின்றது, ஓடியது. ஒன்றையும் மெருகேற்றவில்லை, ஒன்றையும் விடவில்லை. சுருட்டை ஷூ நுனியையே பார்த்துக்கொண்டு நின்றான்.

கேட்டு முடித்ததும் அந்த அம்மா தலைத்துணியை அவிழ்த்து மடியில் வைத்துக்கொண்டார்.

"நான் சொல்லியிருந்தா அவர் அங்க போயிருக்க மாட்டாரு."

"அப்படியெல்லாம் இல்லம்மா" என்று சுருட்டை பாய்ந்தான்.

"போயிருக்க மாட்டாரு" என்றார் இன்ஸ்பெக்டரம்மா. "அவர் உங்களைக் கேட்டிருந்தாலும் போயிருக்க மாட்டாரு. வேன்காரன் பிரேக் பிடிச்சிருந்தாலும் திரும்பி வந்திருப்பாரு. எல்லாம் சேர்ந்துதான்மா."

"இருக்கட்டும்." அந்த அம்மா புறங்கையால் கண்ணைத் தேய்த்தார், நெற்றியெல்லாம் மாவு. "ரெண்டு மாசமா அவர் மேல கோவமா இருந்தேன். செத்துப் போன மனுஷன்கிட்ட என்னன்னு சண்டை போடறது? அதுதாங்க தாங்கல. இப்ப என் மேலதான் கோவம். இது பரவால்ல. என்னை நான் பாத்துக்குவேன்."

பாட்டிலைத் திறந்தார்கள். கிளாஸ் வீட்டில் இருந்தது. தண்ணீர் குடிக்கும் டம்ளரில் ஊற்றினார் இன்ஸ்பெக்டரம்மா. அந்த அம்மா பழக்கதோஷத்தில் முதலில் மூக்கருகே கொண்டுபோனார், பிறகு இறக்கிக்கொண்டார். ஒரு வாய் வைத்தார்.

புருவம் சுருங்கியது.

"குத்துது" என்றார் ஆச்சரியமாக. "நாக்கு முழுக்கக் குத்துது. அப்புறம் இனிக்குது. இரு இரு, இப்பப் பிடிக்குது, கன்னத்தை உள்ள இழுக்குது." இன்னொரு வாய். "ஒரு வருஷமா எதைத் தின்னாலும் மண்ணைத் தின்ன மாதிரி. இது தெரியுதுங்க. எனக்குத் தெரியுது."

அப்போதுதான் சுருட்டையின் மூக்கில் அது ஏறியது. அடுப்புப் பக்கமிருந்து வந்தது. முதலில் லேசாக, பிறகு நன்றாகவே. இன்ஸ்பெக்டரம்மாவுக்கும் தெரிந்துவிட்டது, அவர் கண்ணால் அடுப்பைக் காட்டினார். இரண்டு எட்டு வைத்தால் போதும். போகிற போக்கில் அடுப்பின் திருகை மூடிவிட்டு, ஒன்றும் நடக்காத மாதிரி திரும்பிவிடலாம். அந்த அம்மா டம்ளரோடு உட்கார்ந்திருந்தார், அவருக்கு ஒன்றும் தெரியவில்லை.

சுருட்டை இரண்டு எட்டும் வைத்துவிட்டான். திருகில் கை வைத்தவன், அணைத்தான். பிறகு அப்படியே நின்று திரும்பினான்.

"அம்மா" என்றான். "ரொட்டி கருகிடுச்சும்மா."

அவர் தூக்கிவாரிப்போட்டு எழுந்தார். கதவைத் திறந்ததும் புகை. தட்டை இழுத்து மேஜைமேல் வைத்தார். வரிசையாகக் கரிக்கட்டைகள்.

"ரொம்ப நாறுதா?"

"ஆமாம்மா" என்றான் சுருட்டை. "ரொம்பவே நாறுது. தெரு வரைக்கும் போயிருக்கும்."

பேக்கரிக்காரம்மா அந்தக் கறுத்த ரொட்டிகளையே பார்த்துக்கொண்டு நின்றார். "இவ்வளவுதானே" என்றார். "சொல்றதுக்கு இவ்வளவு நேரம்தானே ஆகுது."

அதற்குமேல் நிற்க முடியவில்லை அவருக்கு. மேஜை விளிம்பைப் பிடித்தபடி தரையில் சரிந்து உட்கார்ந்து, கணவரை வாய்விட்டுக் கூப்பிட்டு அழுதார்.